பூச்சி படிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: பூச்சியியலும் இயற்கைப் பாதுகாப்பு உயிரியலும்

ஒவ்வொரு ஆண்டும் பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் என் கைப்பேசி ஓயாது. தெரிந்தவர்களின் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் நண்பர்கள், சில சமயம் அப்பா அம்மாக்கள். நான் வேளாண்மை படித்து, பூச்சியியலில் முதுநிலை முடித்து, அதன்பின் காட்டோரக் கிராமங்களில் குளவியும் பட்டாம்பூச்சியும் கணக்கெடுக்கும் வேலைக்கு வந்தவன். வயலையும் காட்டையும் பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பூச்சியியல்னா பூச்சிமருந்து அடிக்கிறதைப் பத்தின படிப்பா சார்?

மருந்தும் அதில் ஒரு பாடம். எந்த மருந்து பூச்சியின் நரம்பைத் தாக்குகிறது, எது தோலுரிப்பைத் தடுக்கிறது, எவ்வளவு நாள் இலையில் தங்கும் என்றெல்லாம் படித்தாக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் உடலமைப்பு, வகைப்பாடு, வாழ்க்கைச் சுழற்சி, எது எதைத் தின்று வாழ்கிறது என்று நீண்ட பாதை இருக்கிறது.

உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட பூச்சி இனங்களே சுமார் 10 லட்சம். நம் பயிரில் கை வைப்பவை அதில் மிகச் சிறு பகுதி. மற்றவை மகரந்தம் சுமக்கின்றன, சாணத்தை மண்ணுக்குள் இழுத்துப் போகின்றன, மற்ற பூச்சிகளைத் தின்கின்றன, பறவைக்கும் தவளைக்கும் உணவாகின்றன. படிப்பு அவ்வளவையும் பற்றியது.

பாதுகாப்பு உயிரியல்னா புலி, யானை பத்தினதுதானே? பூச்சிக்கு அங்க என்ன வேலை?

புலிக்கும் யானைக்கும் பணமும் கவனமும் முதலில் போனது உண்மை. இந்தத் துறைக்கு இலக்கணம் வகுத்த மைக்கேல் சூலே, 1985-இல் எழுதிய கட்டுரையில் இதை நெருக்கடிக்கால அறிவியல் என்றார். முழுத் தகவல் கைக்கு வரும்வரை காத்திருக்க முடியாது, இருப்பதை வைத்து முடிவெடுத்தாக வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். அது பூச்சிக்குத்தான் மிகவும் பொருந்துகிறது. பெயர் வைக்கும் முன்பே அழிந்துபோகும் உயிர்களில் பூச்சிதான் அதிகம்.

2017-இல் ஜெர்மனியிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. கிரேஃபெல்ட் ஊரின் பூச்சியியல் சங்கத்தினர், பெரும்பாலும் ஆர்வலர்கள், 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் கூடாரம் போன்ற வலைப்பொறிகளை வைத்து, விழுந்த பூச்சிகளை எடை போட்டுக் குறித்து வந்தார்கள். 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. வேலி போட்டுக் காத்த இடத்திலேயே இந்த நிலை.

ஒரு பக்கம் கொல்லப் படிக்கிறீங்க, இன்னொரு பக்கம் காப்பாத்தப் படிக்கிறீங்க. ரெண்டும் எப்படி ஒண்ணாப் போகும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். இரண்டும் ஒரே அறிவு. புகையானை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வயலில் வட்டம் வட்டமாகப் புகைந்தது போலக் காய்ந்துபோகும். பார்த்ததும் மருந்து அடிக்கத்தான் தோன்றும். ஆனால் அதன் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. மருந்தில் சாவது வெளியே திரியும் சிலந்தியும், அந்த முட்டையைத் தேடித் தின்னும் சிறு நாவாய்ப்பூச்சியும்தான். பத்து நாள் கழித்து முட்டை பொரிக்கும்போது எதிரியே இல்லாத வயல் காத்திருக்கும். இந்தோனேசியா இந்தப் பாடத்தைப் பட்டறிந்து கற்று, 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. விளைச்சல் விழுந்துவிடவில்லை.

நம் ஊர்க் கதை ஒன்று. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. இங்கே அதற்கு எதிரி கிடையாது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கொய்யா என்று பரவியது. மேலே மெழுகு பூசியிருப்பதால் மருந்து சரியாக இறங்குவதில்லை. 2010-இல் பெங்களூருவில் உள்ள வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, சோதித்து, வேளாண் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து வயல்களில் விட்டது. அசெரோபேகஸ் பப்பாயே என்ற, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. அதன்பின் அந்தக் குளவி சாகாமல் இருக்க வேண்டுமே என்று மருந்தை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. பூச்சியைக் காப்பதுதான் அங்கே பயிர்ப் பாதுகாப்பு.

பிளஸ் டூல எந்த குரூப்? நீட் எழுதணுமா?

உயிரியல் இருக்கும் குரூப் எடுத்தால் எல்லா வழியும் திறந்திருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி (ஆனர்ஸ்) வேளாண்மைக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறார்கள். விலங்கியலுக்குக் கல்லூரிகளில் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

அக்ரி சேரவா, விலங்கியல் சேரவா?

தவறாக எடுத்தால் பிறகு திருத்துவதற்குக் கடினமான முடிவு இதுதான். வேளாண்மை நான்கு ஆண்டு. அது முடித்தவர் பூச்சியியல் முதுநிலைக்கும் போகலாம், காட்டுயிர்ப் படிப்புகளுக்கும் விண்ணப்பிக்கலாம், டி.என்.பி.எஸ்.சி. வேளாண் அலுவலர் தேர்வும் எழுதலாம். விலங்கியல் முடித்தவருக்குப் பின்னால் போய் வேளாண் கதவைத் தட்ட முடியாது. வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் எம்.எஸ்சி சேர வேளாண் பட்டம் கேட்பார்கள்.

ஆனால் வேளாண்மையில் பூச்சி என்பது பல பாடங்களில் ஒன்று. மண், உரம், விதை, பொருளியல், விரிவாக்கம் எல்லாம் படித்தாக வேண்டும். பரிணாமம், விலங்கு நடத்தை, சூழலியல் இவற்றில்தான் மனது ஓடுகிறது என்றால் விலங்கியல் உங்களுக்கு நெருக்கமாக இருக்கும். என்னைக் கேட்டால், இன்னும் தெளிவாகத் தெரியாதவர்கள் வேளாண்மையையே எடுங்கள் என்பேன். வழிகள் அடைபடாமல் இருக்கும்.

நான் விலங்கியல் முடிச்சிட்டேன். அப்ப பூச்சி எனக்கு அவ்வளவுதானா?

இல்லை. வழி வேறு, அவ்வளவுதான். புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியல் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. கொசு, மணல் ஈ, உண்ணி என்று நோய் கடத்தும் உயிர்கள்தான் அங்கே பாடம். மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிரியல் எம்.எஸ்சி உண்டு. சென்னை லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது.

வெளி மாநிலம் என்றால் டேராடூன் இந்திய வனஉயிர் நிறுவனமும், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும். இரண்டும் நுழைவுத் தேர்வு, நேர்காணல் வைத்து மிகக் குறைவான பேரை எடுப்பவை. இத்தகைய படிப்புகளில் சிலவற்றுக்கு ஒன்றுவிட்ட ஆண்டில்தான் சேர்க்கை நடந்துவந்திருக்கிறது. பட்டம் முடியும் ஆண்டில் பார்ப்போம் என்று இருந்துவிடாமல் ஒரு வருடம் முன்பே அறிவிப்புகளைக் கவனியுங்கள்.

வகுப்புல என்ன பண்ணுவீங்க? எல்லாம் மனப்பாடமா?

முதல் ஆண்டுகளில் வரிசைப் பெயர்கள், குடும்பப் பெயர்கள் என்று மனப்பாடம் உண்டு, தப்பிக்க முடியாது. ஆனால் பூச்சியியல் பிடித்துப் போவது பூச்சிப் பெட்டி செய்யும்போதுதான். வலையை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து, புல்லின் மேல் வீசி, விழுந்ததைக் குடுவைக்குள் போட்டு, அறைக்கு வந்து ஊசி குத்த வேண்டும். வண்டுக்கு வலப்பக்க இறக்கை உறையில் குத்துவது வழக்கம். பட்டாம்பூச்சிக்கு மார்பின் நடுவில். இறக்கையைப் பலகையில் விரித்துக் காகிதப் பட்டையால் அழுத்திக் காயவைக்க வேண்டும். பெட்டியின் மூலையில் அந்துருண்டை வைக்க மறந்தால் எறும்பும் சிறு வண்டும் புகுந்து ஒரு பருவத்து உழைப்பைத் தூளாக்கிவிடும். எனக்கு அப்படி ஒரு பெட்டி முழுக்கப் போயிருக்கிறது.

பெட்டியில் பூச்சியைவிட முக்கியம் அதன் அடியில் இருக்கும் சின்னச் சீட்டு. எந்த ஊர், எந்தத் தேதி, எந்தச் செடி மேல், யார் பிடித்தது. சீட்டு இல்லாத பூச்சி வெறும் அலங்காரப் பொருள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். சேரும் முன்பே போனால் இன்னும் நல்லது.

காப்பாத்தறேன்னு சொல்லிட்டுக் கொன்னு ஊசியில குத்தறீங்களே, பாவமில்லையா?

இந்த உறுத்தல் இருப்பவர்கள்தான் இந்தத் துறைக்கு வேண்டும். உறுத்தல் இருந்தால் தேவைக்கு மேல் பிடிக்க மாட்டீர்கள். பூச்சியின் இனத்தை உறுதி செய்யப் பல சமயம் வேறு வழியே இல்லை. ஒட்டுண்ணிக் குளவியின் உணர்கொம்புக் கணுவை எண்ண வேண்டும். சில வண்டுகளில் ஆண் உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்த இனம் என்று தெரியும். பறக்கும்போது அடையாளம் தெரிகிற பட்டாம்பூச்சி, தும்பி இவற்றை நான் இப்போது பிடிப்பதில்லை. எண்ணிக் குறித்துக்கொள்வதோடு சரி.

நாமளே வலை எடுத்துட்டுப் போனா வனத்துறை கேஸ் போடுமா?

உங்கள் தோட்டத்தில் அசுவினியும் வெட்டுக்கிளியும் பிடிப்பதில் சிக்கல் இல்லை. சரணாலயம், தேசியப் பூங்கா, காப்புக்காடு என்றால் வலையை வெளியே எடுக்கும் முன் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அது இல்லாமல் ஆய்வு மாணவர் என்று சொல்வது எடுபடாது. 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பல பட்டாம்பூச்சிகள் இருக்கின்றன. வீட்டுத் தோட்டத்தில் சாதாரணமாகப் பறக்கும் சிவப்புடல் அழகிகூட அந்தச் சட்டம் காத்துவந்த இனம்தான். ஆகவே பிடிக்கும் முன் அட்டவணையைப் படியுங்கள்.

2008-இல் மேற்கு வங்கத்தின் சிங்கலீலா தேசியப் பூங்காவில் அனுமதியின்றிப் பூச்சி சேகரித்ததற்காக செக் நாட்டுப் பூச்சியியலாளர் இருவர் கைதானார்கள். வெளிநாட்டு நிபுணருக்கு மாதிரி அனுப்புவதாக இருந்தால் 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டமும் உள்ளே வரும். அதை நடத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. உங்கள் வழிகாட்டியிடம் முதல் நாளே கேட்க வேண்டியது இது.

எனக்குக் கணக்கு வராது. அதனாலதான் உயிரியல் எடுத்தேன்.

புள்ளியியல் இல்லாமல் இங்கே ஒரு அடி நகர முடியாது. பத்துப் பொறியில் விழுந்ததை வைத்து ஒரு மலையைப் பற்றிப் பேசப்போகிறீர்கள். அந்தத் தாவலுக்குக் கணக்கு வேண்டும். ஆனால் பள்ளியில் பயந்த கணக்கு இது இல்லை. தானே நடந்து சேர்த்த எண்கள் என்றால் மனது தானாக ஒட்டிக்கொள்ளும். ஆர் என்ற இலவச மென்பொருளை இளநிலையிலேயே பழகிவிடுங்கள்.

தமிழ் மீடியம்ணா நான். அந்த லத்தீன் பேரெல்லாம் வாயில நுழையுமா?

எல்லோருக்கும் அது அந்நிய மொழிதான், ஆங்கில மீடியத்தாருக்கும். ஆறு மாதத்தில் பழகிவிடும். உங்களிடம் இருக்கும் வேறு ஒன்று அவர்களிடம் இல்லாமல் இருக்கலாம். புகையான், பிள்ளைப்பூச்சி, முசுறு, கொசுத்தேனீ, பொறிவண்டு என்று ஊர் வைத்த பெயர்களுக்குள்ளேயே அதன் குணம் இருக்கிறது. விவசாயியிடம் போய் 'நிலபர்வதா லூஜென்ஸ்' என்றால் முகம் பார்ப்பார். 'புகையான் எப்ப விழுந்துச்சுங்க ஐயா' என்றால் பத்து வருட வரலாற்றைச் சொல்வார். இரண்டு பெயரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன்ல போட்டோ எடுத்தா ஆப் பேர் சொல்லிடுது. அப்புறம் பட்டம் எதுக்கு?

பட்டாம்பூச்சிக்கு ஆப் நன்றாகவே சொல்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். கிரேஃபெல்ட்காரர்களைப் பற்றி மேலே சொன்னேனே, பெரும்பாலும் ஆர்வலர்கள் சேர்த்த தரவு உலகத்தை உலுக்கியிருக்கிறது. ஆனால் இலைப்பேனையோ ஒட்டுண்ணிக் குளவியையோ கைப்பேசிப் படத்தில் பிரித்தறிய முடியாது. டி.என்.அனந்தகிருஷ்ணன் இலைப்பேன்களையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார், பெங்களூரு சி.ஏ.விரக்தமத் இலைத்தத்துப்பூச்சிகளை. அந்த ஆழம் நுண்ணோக்கி முன் உட்கார்ந்த ஆண்டுகளால் வருவது.

பெயர் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி. 1795-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரேசிலிலிருந்து சிவப்புச் சாயம் தரும் கோச்சினீல் பூச்சி என்று நினைத்து ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது வேறு இனம். சாயம் சரியாக வரவில்லை. வந்த பூச்சி இங்கே ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. அன்று கள்ளி தொல்லையாக இருந்ததால் அந்தப் பிழை நன்மையாக முடிந்தது. எப்போதும் அப்படி முடியாது.

அப்போ வெளிநாட்டுக் குளவியைக் கொண்டுவந்து விடுறதும் ஆபத்துதானே?

ஆபத்துதான். ஆஸ்திரேலியாவில் 1935-இல் கரும்பு வண்டைத் தின்னும் என்று விட்ட தேரை இன்று நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் பெரிய தலைவலி. அது கண்டதையும் தின்னும் உயிர், அங்கேதான் தவறு. பப்பாளிக் குளவி விஷயத்தில் தனிமைக் கூடத்தில் வைத்து, அது வேறு எதன் மேலாவது முட்டையிடுகிறதா, தேனீக்கும் பட்டுப்புழுவுக்கும் தீங்கு வருமா என்று பார்த்த பிறகே அனுமதி கிடைத்தது. ஒரே இனத்தை நம்பி வாழும் எதிரியைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதுகாப்பு. பூச்சியியல் ஆளும் பாதுகாப்பு ஆளும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய இடம் இது. இரண்டும் தெரிந்தவர்கள் இன்னும் போதவில்லை.

பொண்ணைக் காட்டுக்கு அனுப்பப் பயமா இருக்குங்க. மூணு வருசமும் காட்டுலயேவா இருப்பா?

அம்மா, பெரும்பாலான நாள் ஆய்வகத்திலும் கணினி முன்னாலும்தான் போகும். களத்துக்குப் போகும் நாளில் தனியாக அனுப்புவதில்லை. காட்டைத் தெரிந்த உள்ளூர் உதவியாளர் கூட இருப்பார். யானை நடமாடும் நேரம் அவருக்குத் தெரியும். சேரும் முன் நீங்கள் கேட்க வேண்டியவை: தங்குமிடம் எது, வாகனம் யாருடையது, கைப்பேசி எடுக்காத இடத்தில் தகவல் எப்படிப் போகும், புகார் சொல்ல உள்குழு இருக்கிறதா. இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத வழிகாட்டியிடம் மகளை விட வேண்டாம், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

நான் யாழ்ப்பாணத்தில ஏ.எல். பயோ படிக்கிறன். எனக்கு இதுல வழி இருக்குதோ?

இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறை உண்டு; அதன் விவசாய பீடம் கிளிநொச்சியில். கொசுவில் ஆர்வம் இருந்தால் உங்கள் பக்கத்திலேயே பெரிய கேள்வி ஒன்று நிற்கிறது. 2016-இல் இலங்கை மலேரியா இல்லாத நாடென்று சான்று பெற்றது. அதே ஆண்டு முடிவில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி தென்பட்டது. தமிழ்நாட்டில் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் பெருகி நகரத்து மலேரியாவைப் பரப்புகிற கொசு அது. அங்கே அது எதில் வளர்கிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று வருடக்கணக்காகப் பின்தொடர அந்த மண்ணைத் தெரிந்தவர்கள் வேண்டும்.

வேலை கிடைக்குமா? உண்மையைச் சொல்லுங்க.

வேளாண் பக்கம் வழி அதிகம்: வேளாண்துறை, வங்கிகளின் வேளாண் அலுவலர் பணி, துறைமுகங்களில் வந்திறங்கும் பயிர்ப்பொருளில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கும் பயிர்த் தனிமைச் சோதனை, விதை மற்றும் மருந்து நிறுவனங்கள், விஞ்ஞானி ஆக ஏ.ஆர்.எஸ். என்ற வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வு. சுகாதாரத் துறையிலும் பூச்சியியல் வல்லுநர் பதவிகள் உண்டு. இந்திய வனப் பணிக்கு விலங்கியல், வேளாண்மை இரண்டு பட்டதாரிகளும் எழுதலாம்.

பாதுகாப்புப் பக்கம் குறுகல். பெரும்பாலும் திட்டம் சார்ந்த ஒப்பந்த வேலை. இரண்டு மூன்று ஆண்டில் நிதி முடியும், அடுத்ததைத் தேட வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டம்வரை அது தாங்கும். வீட்டில் உடனே சம்பளம் எதிர்பார்க்கிறார்கள் என்றால் இதை மறைக்காமல் முதலிலேயே பேசிவிடுங்கள். பாதியில் விட்டுப் போனவர்களில் பலர் ஆர்வம் குறைந்து போனவர்கள் இல்லை. வீட்டில் சொல்லாமல் வந்தவர்கள்.

பூச்சிமருந்துக் கம்பெனியில வேலை வந்திருக்கு. நல்ல சம்பளம். மனசு உறுத்துது, போகலாமா?

போகலாம். மூன்றாவது கேள்வியில் சொன்ன புகையான் கதையை அறிந்த ஒருவர் அங்கே இருப்பது நல்லதுதான். எந்த மருந்து இயற்கை எதிரிகளை விட்டுவைக்கும், எந்த நேரத்தில் அடித்தால் தேனீ தப்பும் என்று விவசாயிக்குச் சொல்லும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். ஆனால் விற்பனை இலக்கு கொடுப்பார்கள். தேவையில்லாத வயலிலும் அடிக்கச் சொல்ல வேண்டிய மாதம் வரும். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் ஆண்டுக்கணக்கில் வானிலிருந்து எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். உச்சநீதிமன்றம் அந்த மருந்தை நாடு முழுக்கத் தடை செய்தது 2011-இல்தான்.

அந்த மாதத்தில் என்ன செய்வீர்கள் என்பதைச் சேரும் முன்பே யோசித்து வையுங்கள். என்னுடன் படித்த ஒருவர் இரண்டு ஆண்டு வேலை பார்த்து, கடனை அடைத்து, பயிர்ப் பூச்சிகளின் முட்டைக்குள் வளர்ந்து அவற்றை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற சிறு குளவியை அட்டையில் ஒட்டித் தயாரிக்கும் சிறு கூடம் போட்டிருக்கிறார். இன்னொருவர் அதே நிறுவனத்திலேயே உயிரியல் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டுமே நடக்கக்கூடியவை.